இருபதில் பதினேழு

காகிதத்தில் என் பெயர் இல்லை,
பதினேழு என்று மட்டும் இருக்கிறது.
சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும்
இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு
அந்த எண்ணைத் தெரியும்.
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்
இடிந்த கைப்பிடிச் சுவரை
மூன்று முறை கட்டினார்கள்.
மூன்று முறையும் எனக்கு முன்னால் போன வண்டிதான்.

டாக்டர் சஃபியா என் நுரையீரலைத்
திரையில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே சொன்னார்:
"காவல் செல் நிறைய இருக்கு உங்களுக்கு.
கட்டியைச் சுத்தி வந்தும் நிக்குது.
ஆனா அதுங்களோட பிரேக்கைக்
கட்டி மிதிச்சுப் பிடிச்சிருக்கு.
இந்த மருந்து அந்தக் காலை எடுத்துவிடும்."

சிரித்துவிட்டேன்.
சரசு தொடையில் கிள்ளினாள்.
பிரேக்கை எடுக்கப்போகிறேன் என்று
யாரிடம் சொல்கிறீர்கள் மேடம்?

ஏறின கியரிலேயே இறங்கு:
டிப்போவில் முதல் நாள் சொன்னது.
மிதித்தபடியே இறங்குகிறவனுக்குப்
பாதி மலையில் லைனர் தீயும் வாசனை வரும்.
மிதிக்கவே மிதிக்காதவன்
வாசனை வருமுன் போய்ச் சேர்ந்திருப்பான்.

முழு அளவு மருந்துக்குக்
கோரிமேட்டு மனையை விற்க வேண்டும்.
குறைந்த அளவே போதுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி இது.
போதாமலும் போகலாம்.
அதையும் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள்,
ஒன்பது பக்கம்.
நாலாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை:
"உங்கள் சொல்களே உங்களைத் தாக்கக்கூடும்."
செல்கள் என்றிருக்க வேண்டும் என்றேன்.
சரியாத்தான் போட்டிருக்காங்க என்றாள் சரசு.

ரத்தம் எடுக்கிற நவநீதா
ஒருநாள் கீழ்த்தளத்து மெஷினைக் காட்டினாள்.
ஊதா மூடிக் குழாயிலிருந்து
செல்கள் ஒற்றை வரிசையில் இறங்கி
லேசர் வெளிச்சத்தைக் கடக்கின்றன.
நிறுத்தாமலே ஒவ்வொன்றையும்
நீ யார், எங்கே ஏறினாய் என்று கேட்கிறது அது.
அடிவாரத்தில் செக்கிங் ஏறும்போது
கண்டக்டர் தீர்த்தகிரி
மூச்சைப் பிடித்து நிற்பது ஞாபகம் வந்தது.

"களைச்சுப்போன செல் எத்தனைன்னு எண்றோம் அண்ணா."
களைப்புக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள், பச்சை.
திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.
அத்தனையும் டபுள் டூட்டி.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிறு புரண்டது.
ஒரு நாளில் பதினொரு தடவை.
கட்டியைத் தேடிக் கிளம்பியவை
குடலுக்குள் இறங்கிவிட்டன.
"சொல்கள்" என்றாள் சரசு.
இந்த முறை சிரிக்கவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.
அழுத்தி, கொஞ்சம் விட்டு,
வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்து
டாக்டர் மிதித்த விதத்தைப் பார்த்து,
இந்தம்மாவிடம் மலை வண்டியைக் கொடுக்கலாம்
என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று புதுப் படம் வந்தது.
கட்டி பெரிதாகத் தெரிகிறது.
வளர்ந்திருக்கலாம்.
உள்ளே புகுந்த காவல் கூட்டத்தால்
வீங்கியும் இருக்கலாம்.
வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிழல்.
"எட்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

மார்கழியில் ஒண்டிக்கடை தாண்டியதும்
பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரியும்.
லாரியா, பைக்கா,
மறுநாளைக்கு மாவு கரைக்கிற பஜ்ஜிக்கடை பல்பா,
தெரியாது.
விளக்கைக் கூட்டினால்
பனிதான் கூடுதலாகத் தெரியும்.
அதனால் தாழ்த்துவேன்.
ஒரு ஹாரன்.
பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு
காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில்
முன் சீட்டு கிடைத்தது.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
டிரைவர் பையன் அவசரமாக வெட்டினான்.
வெறும் தகரத்தை
என் வலது கால் ஓங்கி மிதித்தது.
சரசு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
கோரிமேடு வருவதற்குள்
விரல் விரலாக
அதை எடுத்தேன்.